ஓசி மென்பொருளுக்கும் குடிமராமத்து வேணும்

இந்த வாரம் ராகி விலையும் இல்ல, மழையும் இல்ல. லேத் பட்டறையில ஓடுற கம்ப்யூட்டர் மென்பொருளைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். பத்தாவது படிச்ச விவசாயிக்கு இது எதுக்குன்னு சில பேர் கேப்பீங்க. பம்ப் ஷாஃப்ட் தேய்ஞ்சாலும், கதிரடிக்கிற மெஷின்ல பல்சக்கரம் உடைஞ்சாலும் நாம ஓடுறது பட்டறைக்குத்தான். அறுப்பு நேரத்துல ஒரு பல்சக்கரம் கோயமுத்தூர்ல இருந்து வர்றதுக்கு நாலு நாள் ஆகும். மழை நாலு நாள் காத்திருக்காது. அதனால உள்ளூர் பட்டறை நல்லா இருந்தாத்தான் நம்ம வயலும் நல்லா இருக்கும். அந்தப் பட்டறையை ஓட்டற மென்பொருள் யார் கையில இருக்குன்னு கேக்கற உரிமை நமக்கும் உண்டு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் பார்க்கலாம், திருத்தலாம், காசு வேணாம்னு உலகத்துக்கே திறந்து விட்ட மென்பொருள் நம்மள மாதிரி சின்ன ஊருக்கு ரொம்ப அவசியம். ஆனா அது ஓசி கிடையாது. அதுக்கு ஒரு விலை இருக்கு, பராமரிப்பு. அந்த விலையை இன்னைக்கு ஒவ்வொரு பட்டறைக்காரனும் தனித்தனியா, ராத்திரி முழிச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கான். ஏரிக்குக் குடிமராமத்து பண்ண மாதிரி இதையும் ஊரா சேர்ந்து பண்ணணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

சிஎன்சி மெஷின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சாதா லேத்ல மனுஷன் கையால சக்கரத்தைச் சுத்தி உளியை நகர்த்துவான். சிஎன்சியில கம்ப்யூட்டர் மோட்டாரைச் சுத்தி நகர்த்தும். இவ்வளவு தூரம் போ, இவ்வளவு ஆழம் வெட்டுன்னு எழுதி வச்சுட்டா அதே சாமானை நூறு தடவை அச்சு மாறாம வெட்டிக் கொடுக்கும். அந்த மூளைக்குக் கன்ட்ரோலர்னு பேரு. பெரிய ஃபேக்டரியில ஃபானுக், சீமென்ஸ் மாதிரி கம்பெனிங்க செஞ்ச கன்ட்ரோலர் இருக்கும். நல்ல சரக்கு, பல வருஷம் உழைக்கும். ஆனா அதுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய யாரும் பார்க்க முடியாது. செத்துப் போனா அவங்கதான் உயிர் கொடுக்கணும்.

என் அக்கா மகன் பைபாஸ் ரோட்டுல சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கான். ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரி கழிச்சுப் போட்ட பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் ஒண்ணை, வீட்டு நகையை அடகு வச்சு ஏலத்துல எடுத்தான். இரும்பு நல்லா இருக்கு, பால் ஸ்க்ரூ நல்லா இருக்கு, மோட்டார் சுத்துது. கன்ட்ரோலர் போர்டுதான் போயிருச்சு. அதைச் செஞ்ச கம்பெனிகிட்ட கேட்டா, "அந்த மாடலை நிறுத்தியாச்சு, புதுசு போட்டுக்குங்க"ன்னாங்க. சொன்ன விலை அவன் மெஷினையே எடுத்த விலையைத் தாண்டிருச்சு. கால் நூற்றாண்டு இன்னும் ஓடக்கூடிய இரும்பு, ஒரு போர்டு இல்லாம காயலான் கடைக்குப் போகணுமா? ஓசூர்லயும் கோயமுத்தூர்லயும் இப்படிப் போற மெஷினை நானே கண்ணால பார்த்திருக்கேன்.

அவன் லினக்ஸ்சிஎன்சின்னு ஒரு மென்பொருளைப் பிடிச்சான். இதோட கதை தெரிஞ்சுக்க வேண்டியது. அமெரிக்காவுல நிஸ்ட்னு ஒரு அரசாங்க அமைப்பு இருக்கு. அளவு, தரம் இதெல்லாம் பார்க்கறவங்க. அவங்க 1990களோட தொடக்கத்துல, எல்லாருக்கும் பொதுவான ஒரு கன்ட்ரோலர் எப்படி இருக்கணும்னு காட்டறதுக்காக எழுதினது இது. அங்க அரசாங்க ஊழியர் வேலையில எழுதினது பொதுச் சொத்து. அதை உலகம் பூரா இருக்கிற மெஷின்காரங்களும் நிரல் எழுதறவங்களும் எடுத்து வளர்த்தாங்க. முதல்ல இஎம்சின்னு பேரு. அதே பேர்ல ஒரு பெரிய கம்பெனி இருந்ததால 2011ல லினக்ஸ்சிஎன்சின்னு மாத்திக்கிட்டாங்க. ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், அதோட சேர ஒரு கார்டு, மோட்டாருக்கு டிரைவ் இருந்தா போதும், செத்த மெஷின் எழுந்துக்கும். சாதாரணமா ஒரு நொடிக்கு ஆயிரம் தடவை மோட்டார் எங்க நிக்குதுன்னு பார்த்துத் திருத்திக்கிட்டே இருக்கும். ஒரு தடவை தாமதமானாலும் உளி பொருள்ல கோடு போட்டுடும். அதனால கம்ப்யூட்டரோட அடிப்படை இயக்கமும், நேரம் தவறாத ரகமா இருக்கணும். லினக்ஸ்ல அந்த நேரம் தவறாத வசதியைச் சேர்க்க இருபது வருஷம் வேலை பார்த்து, 2024 நவம்பர்ல வந்த 6.12 பதிப்புலதான் அதை மூல லினக்ஸோடவே சேர்த்தாங்க.

இப்பத்தான் தலைவலி ஆரம்பம்.

ரெடியா கட்டி வச்ச பொட்டலத்தை எடுத்துப் போட்டுக்கிட்டா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. டெபியன்னு ஒரு லினக்ஸ், 1993லேர்ந்து தன்னார்வலருங்களே நடத்தறது. அதோட 12ஆம் பதிப்பு 2023 ஜூன்ல வந்தப்ப லினக்ஸ்சிஎன்சியும் அதோட கிடங்குலயே இருந்தது. ஆனா நம்ம பையன்கிட்ட இருந்த ஸ்பிண்டில் டிரைவ் மலிவு ரகம். அது பேசற பாஷைக்குத் தக்க மாதிரி மென்பொருள்ல ஒரு சின்ன மாற்றம் பண்ண வேண்டியிருந்தது. அதுக்கு சோர்ஸ் கோடை எடுத்து இவனே கட்டணும். அதைத்தான் பில்ட் பண்றதுன்னு சொல்றாங்க.

கட்டறதுன்னா ஒத்தைப் பொருளா இல்ல. திரையில பட்டன் காட்ட ஒரு நூலகம், டிரைவோட பேச மோட்பஸ்னு ஒரு நூலகம், பைதான்னு ஒரு மொழி, டிசிஎல் டிகேன்னு இன்னொரு மொழி, அதுக்கு மேல பிவிட்ஜெட், டிசிஎல்எக்ஸ், ரெண்டு மொழியை இணைக்க பூஸ்ட், இப்படி ஒரு நீளப் பட்டியல். இதெல்லாம் வேற வேற ஊர்ல வேற வேற ஆளுங்க எழுதினது. லினக்ஸ்சிஎன்சி அதுங்களை நம்பி நிக்குது. அதைத்தான் டிபெண்டன்சின்னு சொல்றாங்க, தமிழ்ல சார்புன்னு வச்சுக்கலாம். ஓட்டறதுக்கு வேண்டியது வேற, கட்டறதுக்கு வேண்டியது வேற. சாப்பிட தட்டு போதும், சமைக்கறதுன்னா அடுப்பு, பாத்திரம், அரிவாமணை எல்லாம் வேணும் இல்லையா? அதே கதை.

நம்ம பக்கத்து ஏரிங்களை நினைச்சுப் பாருங்க. மேல் ஏரி நிரம்பி கோடி போனாத்தான் அடுத்த ஏரிக்குத் தண்ணி. அது நிரம்பினாத்தான் அதுக்கும் கீழ இருக்கிறதுக்கு. நடுவுல ஒரு வாய்க்கால் தூர்ந்து போனா, கீழ இருக்கிற ஏரிக்காரன் அவன் ஏரியை எவ்வளவு ஆழம் வெட்டியும் பிரயோஜனம் இல்ல. அவன் தப்பே பண்ணியிருக்க மாட்டான், ஆனா கடைமடை காஞ்சு கிடக்கும். மென்பொருள் சார்பும் இப்படிச் சங்கிலிதான். லினக்ஸ்சிஎன்சி காரங்க ஒரு எழுத்தைக்கூட மாத்தாம இருந்தாலும், மேல எங்கயோ ஒரு நூலகம் நின்னு போனா நல்லம்பள்ளி பட்டறையில மெஷின் நிக்கும்.

பையன் இதுல பத்து நாள் மாட்டினான். நானும் சாயங்காலத்துல போய் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன். அவன் சொல்லச் சொல்ல எனக்குப் புரிஞ்சது, இந்தச் சார்புத் தகராறு மூணு ரகம்.

முதல் ரகம் சுலபம். வேண்டிய பொருள் கிடங்குல இருக்கு, நம்ம கம்ப்யூட்டர்ல இல்ல. அவ்வளவுதான். டெபியன்ல ஒரு கருவி இருக்கு, சோர்ஸ் கோடோட வர்ற பட்டியலைப் படிச்சு "இது இது உன்கிட்ட இல்ல"ன்னு வரிசையா சொல்லிடும். இன்னொரு கட்டளையைக் கொடுத்தா அந்தப் பட்டியல் முழுக்க அதுவே இறக்கிப் போட்டுக்கும். நிறைய பேர் இந்தப் பட்டியலைக் கேக்காமலே கட்ட ஆரம்பிச்சு, ஒரு பிழை வந்தா ஒண்ணைத் தேடிப் போட்டு, அடுத்த பிழை வந்தா அடுத்ததைத் தேடின்னு நாளை ஓட்டறாங்க. பந்தல் போடறதுக்கு முன்னாடியே சாமான் லிஸ்ட் எழுதற மாதிரி, முதல்ல பட்டியலைக் கேட்டுடணும்.

இன்னொரு சின்ன விஷயம். லினக்ஸ்சிஎன்சியோட கையேட்டையும் சேர்த்துக் கட்டப் போனா அச்சுக்கோக்கற மென்பொருள் ஒரு பெரிய மூட்டை இறங்கும். மொபைல் டேட்டாவுல இருக்கிற நமக்கு அன்னைக்கு டேட்டா அதுலயே காலி. கையேடு வேணாம்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டா அந்த மூட்டை வராது. கையேட்டை போன்லயே படிச்சுக்கலாம்.

ரெண்டாவது ரகம், பொருள் இருக்கு, பேரு மாறிப் போச்சு. நிலம் அதே நிலம்தான், ஆனா உட்பிரிவு ஆன பிறகு பழைய சர்வே நம்பரைச் சொல்லிக் கேட்டா விஏஓ ஆபீஸ்ல கிடைக்காது இல்ல, அந்த மாதிரி. பழைய வீடியோவைப் பார்த்து அப்படியே டைப் பண்ணா "அப்படி ஒரு பொருளே இல்ல"ன்னு வரும். புதுப் பேரு என்னன்னு தெரிஞ்சவன் அஞ்சு நிமிஷத்துல முடிப்பான். தெரியாதவன் ரெண்டு நாள் அலைவான்.

மூணாவது ரகம்தான் ஆளைக் கொல்லும். பொருளே போயிடுச்சு. பைதான் மொழியோட 2ஆம் தலைமுறைக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோட ஆதரவு முடிஞ்சது. அதே 2020ல வந்த லினக்ஸ்சிஎன்சி 2.8 பதிப்பு அந்தப் பழைய பைதானைத்தான் நம்பி நின்னுது. டெபியன் காரங்க அதை ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வந்தாங்க, 12ஆம் பதிப்புல மொத்தமா எடுத்துட்டாங்க. பையன் பார்த்த வீடியோ 2.8க்கு. கம்ப்யூட்டர்ல போட்டது டெபியன் 12. கட்டவே முடியாது. அவன் கைத்திறன்ல குறை ஒண்ணும் இல்ல, காலம் பொருந்தல.

இன்னொண்ணு கேளுங்க, ரீட்லைன்னு ஒரு நூலகம். நாம டைப் பண்ற வரியைத் திருத்தறதுக்கு உதவற சின்னச் சாமான். அதோட புதுப் பதிப்பு உரிம விதியை மாத்திடுச்சு. அந்த விதியும் லினக்ஸ்சிஎன்சியோட உரிம விதியும் ஒத்துப் போகாது. அதனால பழைய விதியில இருந்த பழைய பதிப்பையே நம்பி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. டெபியன் 11ல அந்தப் பழசும் போயிடுச்சு. கடைசியில எடிட்லைன்னு அதே வேலை செய்யற வேற ஒரு நூலகத்துக்கு மாறினாங்க. பாருங்க, கோடு கெடல, மெஷின் கெடல. சொத்துப் பத்திரத்துல ஒரு வரி மாறினதுக்கு வாய்க்காலையே வேற பக்கம் திருப்ப வேண்டியதாப் போச்சு.

இந்த மாதிரி நேரத்துல எல்லாரும் பண்ற ஒரு காரியம் இருக்கு. பழைய டெபியனோட கிடங்கு முகவரியைப் புதுசுக்குள்ள சேர்த்து, காணாமப் போன பொருளை அங்கேர்ந்து இழுக்கறது. யாரோ ஒருத்தர் யோசனை சொன்னாருன்னு பையனும் செஞ்சான். ஒண்ணை இழுத்தா அது நாலை இழுத்தது, நாலும் சேர்ந்து புதுசைத் தள்ளிட்டு உட்கார்ந்தது. மறுநாள் காலையில கம்ப்யூட்டர்ல திரையே வரல. டெபியன் காரங்களே இதைப் பண்ணாதீங்கன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க. ரெண்டு தலைமுறைப் பொட்டலத்தை ஒரே கம்ப்யூட்டர்ல கலக்கக் கூடாது.

அன்னைக்குத்தான் அவன் உடைஞ்சு போய்ட்டான். "மாமா, கம்பெனி கன்ட்ரோலருக்கே லோன் கேட்டுடறேன். நகை வட்டி ஒரு பக்கம் ஏறுது, வந்த ஆர்டர் ரெண்டைத் திருப்பி அனுப்பிட்டேன்"ன்னான். நான் என்னத்தைச் சொல்றது? "இன்னும் ரெண்டு நாள் பாரு மாப்ள. முதல்லேர்ந்து சுத்தமா ஆரம்பி, பண்றதையெல்லாம் நோட்டுல எழுது"ன்னு மட்டும் சொன்னேன்.

வழி பெருசா ஒண்ணும் இல்ல. டெபியன் 12ஐ மறுபடி சுத்தமா போட்டான். 2.8ஐ விட்டுட்டு 2.9ஓட சோர்ஸ் கோடை எடுத்தான். அதுல லினக்ஸ்சிஎன்சி காரங்களே பைதான் 3க்கு மாத்தி முடிச்சிருந்தாங்க, ரீட்லைன் விவகாரத்தையும் தீர்த்திருந்தாங்க. முதல்ல பட்டியலைக் கேட்டான், எல்லாத்தையும் ஒரே கட்டளையில இறக்கினான், கையேடு வேணாம்னு சொன்னான், கட்டினான். கட்டின இடத்துலயே ஓட்டிப் பார்க்க அதுல வசதி இருக்கு. அதனால கம்ப்யூட்டர்ல வேற எதையும் தொடாமலே சோதிச்சுக்கலாம். மெஷின் இல்லாம திரையிலயே ஓடுற மாதிரி ஒரு பாவனை முறையும் இருக்கு. அதுல ஒரு நாள் ஓட்டினான். அப்புறம் நேரத் தாமதத்தை அளந்து பார்க்கற சோதனை. அதெல்லாம் தேறினப்புறம்தான் மோட்டார் ஒயரையே மாட்டினான். அவசரத்துக்கு நிறுத்தற சிவப்பு பட்டனை மட்டும் கம்ப்யூட்டரை நம்பி விடாம, மோட்டார் கரண்டையே வெட்டற மாதிரி தனி ஒயர்ல போட்டான். இதை யார் பண்ணாலும் இப்படித்தான் பண்ணணும். மென்பொருள் தொங்கிப் போனாலும் கை போகக் கூடாது.

இப்ப மெஷின் ஓடுது. அந்தக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் இல்ல, அப்டேட் இல்ல. ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்து பீரோவுல வச்சிருக்கான். நோட்டுல எந்தப் பதிப்பு, எந்தக் கார்டு, எந்தக் கட்டளைன்னு தேதியோட இருக்கு.

இதைப் பார்த்துட்டு ஊர்ல ரெண்டு விதமா பேசறாங்க. ரெண்டுக்கும் பதில் சொல்லணும்.

ஒண்ணு: "ஓசியில வந்தது இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வாங்கியிருந்தா இந்தப் பாடு உண்டா?" இதுல பாதி நியாயம் இருக்கு. மூணு ஷிஃப்ட் ஓடுற ஃபேக்டரி, ஒரு மணி நேரம் நின்னா லட்சத்துல நஷ்டம்னா, கம்பெனி கன்ட்ரோலரே வாங்கிக்கட்டும். போன் போட்டா சர்வீஸ் ஆள் வருவாரு. அதுக்குத்தான் அந்தக் காசு. ஆனா கம்பெனி மென்பொருளுக்குச் சார்பு இல்லைன்னு நினைக்காதீங்க. அதுக்குள்ளயும் இதே மாதிரி நூறு சாமான் இருக்கும். மூடி வச்சிருக்கறதால நமக்குத் தெரியல. அவங்க ஒரு மாடலை நிறுத்தினா அந்தச் சங்கிலி முழுக்க ஒரே நாள்ல அறுந்து போகும், கேக்க ஆளே கிடையாது. என் அக்கா மகன் மெஷினுக்கு நடந்தது அதுதான். திறந்த மென்பொருள்ல பத்து நாள் பாடு பட்டான், வழி கிடைச்சது. மூடினதுல பத்து வருஷம் பாடுபட்டாலும் வழி கிடையாது.

ரெண்டாவது பேச்சு: "யாரோ எழுதறாங்க, நாம எடுத்துக்கறோம். நல்லதுதானே, நமக்கென்ன?" எனக்கு முதல் பேச்சைவிட இதுதான் கோவம் வரவழைக்குது.

2016 மார்ச்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். லெஃப்ட்பேட்னு ஒரு குட்டி நிரல், மொத்தமே பதினோரு வரி. எழுதினவரு ஒரு கோவத்துல அதைப் பொதுக் கிடங்குல இருந்து எடுத்துட்டாரு. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் உலகம் பூரா கட்ட முடியாம நின்னு போச்சு. 2024 மார்ச்ல நடந்தது இன்னும் மோசம். எக்ஸ்இசட்னு, கோப்பைச் சுருக்கற ஒரு நூலகம், லினக்ஸ் ஓடுற இடமெல்லாம் இருக்கும். அதைப் பல வருஷமா சம்பளம் இல்லாம ஒரே ஒரு ஆள் பார்த்துக்கிட்டு இருந்தாரு. களைச்சுப் போய் இருந்தவருக்கு ஒத்தாசை பண்றேன்னு ஒருத்தன் ரெண்டு வருஷத்துக்கும் மேல நல்லவனா நடிச்சு உள்ள வந்து, திருட்டுக் கதவு வச்சுட்டான். கம்ப்யூட்டருக்குள்ள நுழையறதுக்கு அரை நொடி கூடுதலா ஆகுதேன்னு ஒரு இன்ஜினியர் சந்தேகப்பட்டுத் தோண்டினதால உலகம் தப்பிச்சுது.

ஏரிக்கரையை ஒரே ஒரு கிழவர் காவல் காக்கறாரு, ஊரே தண்ணி பாய்ச்சுது, அவருக்குச் சோறு போட ஆள் இல்லைன்னா அந்தக் கரை எத்தனை நாள் நிக்கும்?

நம்ம முன்னோருங்க இதுக்கு வழி வச்சிருந்தாங்க. ஏரித் தண்ணி யாருக்குப் பாயுதோ அவங்கெல்லாம் கோடையில இறங்கி தூர் வாரணும், கரை கட்டணும், வாய்க்கால் வெட்டணும். அதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858ல அதுக்குக் கட்டாய உழைப்புச் சட்டம்னு போட்டு, தானா நடந்ததைக் கட்டளையாக்கினான். கொஞ்சம் கொஞ்சமா ஏரி அரசாங்கத்துது, தூர் வாரறது அரசாங்க வேலைன்னு ஆகி, நாம கரையில நின்னு வேடிக்கை பார்த்தோம். தமிழ்நாடு அரசு 2017ல குடிமராமத்துன்னு அதே பேர்ல திரும்பக் கொண்டு வந்துச்சு. அதுல எவ்வளவு வேலை நடந்துச்சு, எவ்வளவு பில்லுல நடந்துச்சுன்னு நான் இங்க பேச வரல. பொதுச் சொத்து பராமரிச்சாத்தான் பொதுச் சொத்துன்னு நமக்குத் தெரியும். புதுசா யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்ல.

தமிழ்நாட்டுக்கு இந்தத் திறந்த மென்பொருளும் புதுசு இல்ல. சென்னையில இருக்கிற சி-டாக் 2007லயே பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுவும் டெபியன் மேல கட்டினதுதான். 2011ல ஆரம்பிச்ச அரசு லேப்டாப்ல விண்டோஸோட அதையும் போட்டுக் கொடுத்தாங்க. நம்ம பசங்கள்ல எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தாங்க? சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல, கேக்கவும் ஆள் இல்ல. ஏரியை வெட்டி விட்டுட்டு மடையைக் காட்டாம போன கதை. மறுபக்கம், 2012லேர்ந்து கணியம்னு ஒரு மின்னிதழ் தமிழ்லயே லினக்ஸ் பாடமெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காங்க. விழுப்புரத்துல ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பசங்களுக்கு வாராவாரம் சொல்லிக் கொடுக்கறாங்க. விழுப்புரத்துல முடியறது தர்மபுரியில முடியாதா?

அதனால நம்ம ஊருக்கு என்ன பண்ணலாம்னு எனக்குத் தோணறதைச் சொல்றேன்.

முதல் வேலை, பட்டறைக்காரங்க சேர்ந்து ஒரு பொது ஹார்டு டிஸ்க் வைக்கணும். ஓடுதுன்னு நிச்சயமா தெரிஞ்ச பதிப்பு, அதுக்கு வேண்டிய எல்லாச் சார்புப் பொட்டலமும், சோர்ஸ் கோடும் அதுல இருக்கணும். டெபியன் பழைய பதிப்புங்களைக் கொஞ்ச வருஷத்துல வேற பழங்கிடங்குக்கு மாத்திடுவாங்க, அன்னைக்குத் தேடி அலையக் கூடாது. விதை ராகியைக் குதிர்ல தனியா வைக்கற பழக்கம் நமக்கு இருக்கே, அதேதான். இதுல திருட்டு ஒண்ணும் இல்ல. நகல் எடுக்கலாம், கொடுக்கலாம்னுதான் உரிமத்துலயே எழுதியிருக்கு.

ரெண்டாவது வேலை, நோட்டு. பிழை வந்தா என்ன வந்தது, எதால தீர்ந்ததுன்னு தமிழ்ல, தேதி போட்டு, பதிப்பு எண் போட்டு எழுதணும். பையன் தேடித் தேடிப் படிச்சதெல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு, பாதியில எந்தப் பதிப்புக்குன்னே போடல. பதிப்பு போடாத யோசனை, எந்த வருஷத்து விலைன்னு போடாத விலைப்பட்டியல் மாதிரி. அதை நம்பினவன் ஏமாறுவான்.

மூணாவது வேலை அரசாங்கத்துக்கு. 2022ல டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய்ல தொழில் 4.0 மையமா மாத்தற திட்டம் போட்டாங்க. நல்ல காரியம், நம்ம பசங்க கையில புது மெஷின் வருது. ஆனா அங்க பட்டனை அமுக்கறதோட நிக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு பழைய மெஷினையாவது பிரிச்சு, திறந்த மென்பொருளைச் சோர்ஸ்லேர்ந்து கட்டி, உயிர் கொடுக்கற பாடம் இருக்கணும். இந்தச் சார்புத் தகராறை ஒரு தடவை வாத்தியார் பக்கத்துல இருக்கறப்ப தீர்த்தவன், அப்புறம் எங்க போனாலும் பயப்பட மாட்டான். நம்ம தாலுகாவுல சிப்காட் வருதுன்னு நிலம், ரோடுன்னு பேச்சு நடக்குது. நிலம் கொடுக்கறது நாம, பட்டன் அமுக்கற வேலை மட்டும் நம்ம பசங்களுக்குன்னா எப்படி?

நாலாவதா, மேல் ஏரிக்கு நாம என்ன கொடுக்கறோம்? நம்மால நிரல் எழுத முடியாது, சரி. பிழையை ஒழுங்கா எழுதி அனுப்பலாம். இந்த டிரைவ் இப்படி வச்சா ஓடுதுன்னு சொல்லலாம். பட்டியல்ல ஒரு பேரு விட்டுப் போயிருந்தா காட்டிக் கொடுக்கலாம். என் அக்கா மகன் ஸ்பிண்டில் டிரைவுக்குப் பண்ண மாற்றத்தை அவங்களுக்கு அனுப்பி வச்சிருக்கான். சேர்ப்பாங்களா இல்லையான்னு தெரியாது. சேர்த்தா, அதே மலிவு டிரைவை வச்சிருக்கிற எங்கயோ ஒருத்தனுக்கு அந்தப் பத்து நாள் மிச்சம். ஒரு கூடை மண் அள்ளிக் கரையில போட்ட கணக்கு.

இதெல்லாம் பட்டறைக்காரன் தலைவலின்னு விவசாயிங்க ஒதுங்காதீங்க. டிராக்டர்லயும் இப்ப கம்ப்யூட்டர் வந்தாச்சு, சொட்டுநீர் மோட்டாரை போன்ல ஓட்டறோம். அதுல ஒரு சாமான் நின்னு போச்சுன்னா நாளைக்கு நாமளும் "மாடல் நிறுத்தியாச்சு"ன்னு கேக்கப் போறவங்கதான். திறந்து பார்க்கக் கூடியதா வாங்குங்க, திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஒரு பையனையாவது ஊர்ல தங்க வைங்க. அவனுக்கு ஆர்டர் கொடுங்க, கூலியில ரொம்பப் பேரம் பேசாதீங்க.

பொது ஹார்டு டிஸ்க்குக்கு நாலு பட்டறைக்காரங்க சரின்னு சொல்லியிருக்காங்க. இன்னும் சேரறவங்க செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வர்றப்ப பையன் பட்டறைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. காலி பென்டிரைவ் ஒண்ணு கொண்டு வந்தா நோட்டோட நகலும் கொடுப்பான்.